முனைவீட்டுச் சிக்னல்

சிவப்பு விளக்கில் நிற்பது யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, நானே நேரம் வைத்த சிக்னலில் நானே மாட்டிக்கொண்டு, எந்த மடையன் இதற்கு இவ்வளவு நேரம் வைத்தான் என்று முணுமுணுத்திருக்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நகரத்துச் சிக்னல்களுக்குப் பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று கணினியில் வைப்பது எங்கள் வேலை. ஆளுக்கொரு பகுதி. வடக்குப் பகுதி என்னுடையது.

டாக்டர், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மேலிடத்து உத்தரவு, மாற்றவே முடியாது என்று நான் தம்பியிடம் சொன்ன சிக்னல் நேரம், அம்மா போன மறுநாளே எப்படி மாறியது என்று. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவன். அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எங்களை ஆளாக்கினாள். நாள் முழுக்க அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த முகங்களை நடித்துக் காட்டுவாள். கோபித்துக்கொண்டு கிளம்பிய மாமியார் சில்லறையை எப்படி விட்டெறிந்தாள், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிற ஜோடி எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பது என்று தெரியாமல் எப்படி முழித்தது, எல்லாம் வரும். தம்பி கூடச் சேர்ந்து நடிப்பான். அவன்தான் மாமியார், அம்மா டிக்கெட்காரி. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். யாராவது கழுவியாகவேண்டும் அல்லவா?

எனக்கு அம்மா கொடுத்த பட்டம் பொறுப்பானவன். "பெரியவன் இருக்கான், எனக்கென்ன கவலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். சொல்லும்போது அவள் கை தம்பியின் தலையைக் கோதிக்கொண்டிருக்கும். வீட்டுப் பூட்டைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள், நல்ல பூட்டு, நம்பிப் போகலாம் என்று. பூட்டை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சமாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

முதலில் தம்பியின் படிப்பு, பிறகு தம்பியின் வேலை, பிறகு தம்பியின் கல்யாணம். என் முறை வந்தபோது என் தலையில் முடி இல்லை. பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டாயிற்று. தம்பி மனைவியோடு வேறு வீடு போனான். அம்மா என்னோடு இருந்தாள், எனக்கு அது போதுமாக இருந்தது. காலையில் டீ போட்டு அவள் கையில் கொடுப்பேன். ரத்த அழுத்த மாத்திரையை உரித்து வைப்பேன். மாலையில் வந்து கால் பிடித்துவிடுவேன். அவள் வாழ்க்கையில் நான் மட்டும்தான் என்று இருந்த சில வருடங்கள் அவை. அப்போதும் தம்பி போனில் கூப்பிட்டால் அவள் குரலே மாறிவிடும். எனக்குத் தராத ஒரு குரல் அது.

பிறகு தம்பி அந்த முனைவீட்டை வாங்கினான். பெரிய சாலையும் குறுக்குச் சாலையும் சேரும் முனையில், இரண்டாவது மாடி. சாலையைப் பார்த்து ஒரு பால்கனி. வீடு பார்க்கப் போன அன்றே அம்மா அந்தப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கீழே சிக்னல். சிவப்பு விழுந்தால் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும், எல்லா முகங்களும் தெரியும். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவளுக்கு மறுபடியும் டிக்கெட் ஜன்னல் கிடைத்துவிட்டது.

ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். வாரம் முடிந்ததும் தலையணையைக் கொண்டுவரச் சொன்னாள். அப்புறம் ரேடியோவை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போன அன்று கேட்டேன், "அம்மா, எப்ப வர்றே?"

"அங்க வந்து என்னடா பண்ணுறது? நீ காலையில போனா இருட்டித்தான் வர்றே. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. அதுல எத்தனை விரிசல்னு கேளு, கண்ணை மூடிட்டுச் சொல்றேன்."

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். தம்பியின் மகள், எல்லோரும் குட்டி என்று கூப்பிடும் சின்னப் பெண், ஏன் என்று தெரியாமலேயே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ரேடியோ இன்னும் என் கையில்தான் இருந்தது.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், டாக்டர். வயிறு எரிந்தது. அவ்வளவு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். அவன் ஒரு பால்கனியைக் காட்டினான், அவள் போய்விட்டாள். ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டால் இறங்காது. அவள் இப்போது யாரை நடித்துக் காட்டுகிறாளோ, அவன் எப்படிச் சிரிக்கிறானோ என்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் எங்கள் அலுவலகத்துக்குப் பாடம் எடுக்க வந்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய சாலையில் பள்ளிக்கூட வாசலுக்கு நேராக லாரியும் பஸ்ஸும் சிவப்பில் நிற்கின்றன, பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வருகிறது என்று புகார். இனி அந்த வாசலில் ஒரு வண்டியும் காத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. ஏன் என்று எங்களுக்குப் புரியவைக்க உங்களைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மற்றவர்கள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர், சோடாபுட்டி என்று கூப்பிடுவோம், தூங்கியே விட்டார். ஓடுகிற லாரி கடந்துபோய்விடும், நின்றுகொண்டே உறுமுகிற லாரிதான் ஒரே இடத்தில் புகையைக் கொட்டும் என்றீர்கள். கண்ணில் படுகிற கரும்புகையைவிடக் கண்ணில் படாத பொடிதான் பொல்லாதது, தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், மூக்கால் அதைத் தடுக்க முடியாது, நுரையீரலின் அடிவரை போகும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும் என்றீர்கள். குழந்தைகளுக்கு நுரையீரல் வளரவேண்டிய அளவு வளராது. வயதானவர்களுக்கு மூச்சு மட்டும் இல்லை, இதயமே அடி வாங்கும். இரண்டு பக்கமும் உயரமான கட்டடம் இருந்தால் புகை கலையாமல் அங்கேயே தங்கும். நாளாக நாளாக மூக்கு பழகிவிடும், உடம்பு பழகாது.

நான் எழுந்து கேட்டேன், "இரண்டாவது மாடியில் இருக்கிறவங்களுக்கு, மேடம்?"

"நல்ல கேள்வி சார். ரெண்டாவது மாடின்னா தப்பிச்சுட்டோம்னு நினைக்காதீங்க. ரோட்டைப் பார்த்த பால்கனியில உக்காந்தா கிட்டத்தட்ட ரோட்டுலயே உக்காந்த மாதிரிதான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். அக்கறையான மனிதன் என்று நினைத்திருப்பீர்கள்.

இப்போது எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சாலையில் வருகிற வண்டிகளை எங்களால் குறைக்க முடியாது. எங்கே நிற்கவைப்பது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் நிற்கக்கூடாது என்றால் அதற்கு முன்னால் எங்காவது அவை நின்றுதான் ஆகவேண்டும். அப்படி நிறுத்த இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, துணிக் கிடங்கின் நீளமான வெற்றுச் சுவர். அங்கே ஜன்னல் கிடையாது, குடியிருப்பவர் கிடையாது, எதிரே காலி மைதானம், புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, தம்பி வீட்டு முனை.

மேற்பார்வையாளர் தன் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தபடியே, "எங்க நிறுத்தறதுன்னு நீயே பார்த்து வச்சிடுப்பா. உனக்குத் தெரியாததா" என்றார். பொறுப்பானவன் என்றால் அங்கும் அப்படித்தான், யாரும் சரிபார்க்கமாட்டார்கள். நான் முனையைத் தேர்ந்தெடுத்தேன். நாலைந்து விசையைத் தட்டினால் முடிந்தது. பள்ளிக்கூட வாசல் சுத்தமாகிவிட்டது. தலைமை ஆசிரியை போன் செய்து நன்றி சொன்னார். பிள்ளைகள் வரைந்த படம் ஒன்றுகூட எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, பச்சை மரமும் சிரிக்கிற சூரியனும். யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. நாலு நாள் தொண்டை கரகரக்கும். கண் எரியும். "சீ, இதென்ன வீடு" என்று அலுத்துக்கொண்டு தலையணையைக் கட்டச் சொல்லுவாள். நான் போய் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவேன். சந்துக்குள் இருக்கிற என் வீட்டில் சுவர்தான் தெரியும், ஆனால் லாரி கிடையாது. ஒரு விதத்தில் அவள் உடம்புக்கு நல்லதைத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனேன். பால்கனிக் கம்பியில் விரலை வைத்து இழுத்தேன், மை தொட்டது போல் வந்தது. தம்பி மனைவி வங்கியில் வேலை பார்க்கிறவள், எதையும் ஒழுங்காக வைத்திருப்பாள். துவைத்த திரைச்சீலை இரண்டே நாளில் கறுத்துப்போகிறது என்று புலம்பினாள்.

"பால்கனிக் கதவைச் சாத்தியே வச்சிருக்கேன் மாமா. அத்தை போய்த் திறந்துடறாங்க."

அம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. நாற்காலியை முன்பைவிடக் கம்பியோடு ஒட்டிப் போட்டிருந்தாள். "டேய் பெரியவனே, வா, வா. என்னடா ஆச்சு இந்த சிக்னலுக்கு? முன்னெல்லாம் ஒருத்தன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்குள்ள பச்சை விழுந்துடும். இப்ப நின்னு நிதானமா பார்க்க முடியுது. முந்தாநாள் காலையில ஒரு லாரிக்காரன், வண்டியில உக்காந்தபடியே முழுசா சவரம் பண்ணி முடிச்சுட்டான்!"

பிறகு அந்த லாரிக்காரன் கன்னத்தை உப்பவைத்துச் சவரம் செய்ததை நடித்துக் காட்டினாள். நடுவில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து நடித்தாள். தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

எங்களைப் போன்றவர்கள் செய்கிற தவறு இது, டாக்டர். நாங்கள் வண்டிகளைத்தான் கணக்குப் போடுகிறோம். சிவப்பு நீண்டால் ஜனங்கள் எரிச்சலாகி வேறு வழி பார்ப்பார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு நீண்டதற்காகச் சந்தோஷப்படுகிற ஒருத்தி இருப்பாள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"அம்மா, புகை அதிகமா இருக்கு, என்னோட வந்துடேன்" என்றேன்.

"போடா, பஸ் ஸ்டாண்டுல வராத புகையா?" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் சிவப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். முதலில் வைத்தது போதவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான்.

என் மேசைக்கு எதிரே உள்ள திரைகளில் ஒன்று அந்த முனையினுடையது. சிக்னல் கம்பத்துக் கேமராவை எங்கள் இடத்திலிருந்தே திருப்பலாம். அம்மா தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து அதைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னப்பா, அங்க வண்டியெல்லாம் பறக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். சிரித்துக்கொண்டே கொஞ்சம் இறக்கினேன். அவர் போனதும் ஏற்றினேன். வேலை நேரம் முழுவதும் அம்மா என் கண் முன்னால் இருந்தாள். இருமுவது தெரியும், சத்தம் வராது.

மழைக்காலம் முடிந்து, காற்று அசையாத குளிர்காலம் வந்தது. அப்போது புகை எப்படித் தங்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். முதலில் குட்டிக்கு இழுப்பு வந்தது. வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிற பெண், மாடிப்படி ஏறினாலே நெஞ்சில் விசில் அடித்தது. தம்பி மனைவி பயந்துபோய் என்னைக் கேட்டாள், நான்தான் வீட்டில் விவரம் தெரிந்தவன். மெத்தையில் தூசி இருக்கும், வெயிலில் போட்டு எடு என்றேன். மெத்தைத் தூசியாலும் வரும் என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் நான் பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. அவள் பாவம், விடுமுறை நாளெல்லாம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கேதான் வெயில் வரும்.

அப்புறம் அம்மாவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தபடியே தூங்கினாள். தம்பி உங்களிடம் அழைத்து வந்தான். வீட்டுப் பக்கம் லாரி நிற்குமா என்று நீங்கள் கேட்டீர்களாம். அன்று மாலையே அவன் என் வீட்டுக்கு வந்தான். கல்யாணமாகி என் வீட்டைவிட்டுப் போன பிறகு அவன் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, டாக்டர் சொல்றாங்க, அந்தப் புகைதானாம். அந்த சிக்னல் நேரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியாதா? உன் கையிலதானே இருக்கு?"

"என் கையில என்ன இருக்கு? மேலிடத்து உத்தரவு. ஸ்கூல் பிள்ளைங்களுக்காகப் போட்டது. உன் ஒரு வீட்டுக்காக அத்தனை பிள்ளைங்களை மூச்சுத்திணற விடச் சொல்றியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுவும் சரிதான்" என்றான். தம்பி எப்போதும் அப்படித்தான், சொன்னதை நம்பிவிடுவான். எல்லோருக்கும் அவனைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிடங்குச் சுவரைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அப்ப அம்மாவை நீ கூட்டிட்டு வந்துடு அண்ணே. எனக்கு மனசில்லைதான். ஆனா உன் வீட்டுல நல்லா இருப்பாங்க" என்றான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். அறையைக் கூட்டிப் பெருக்கினேன். அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டேன். சுவரைப் பார்த்த ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட மாட்டினேன்.

அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். தம்பி கெஞ்சினான். அவன் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்களும் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டேன். "எனக்கு இங்கதான் சரிப்படும், யாரும் என்னைக் கிளப்பாதீங்க" என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று எனக்குத் தெரியாது. தம்பியைவிட்டு வர மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். சிவப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பினான். அவன் மனைவி குட்டியைப் பள்ளியில் விடப் போனாள். அம்மா நாற்காலியில் இருந்தாள். கீழே சிவப்பு. வரிசையில் முன்னால் நின்றது பழைய குப்பை லாரி, அதன் புகை திரையிலேயே பால்கனி வரை தெரிந்தது. அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது. முன்னால் சரிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி சரிந்தாள். என் பக்கத்தில் போன் இருந்தது. தம்பி வீட்டுக்குக் கீழே உள்ள மருந்துக்கடைக்காரர் நம்பர் எனக்குத் தெரியும், கூப்பிட்டால் ஒரே ஓட்டத்தில் மாடிக்குப் போயிருப்பார். கட்டுப்பாட்டு அறையில் வேலை நேரத்தில் சொந்த அழைப்புகள் கூடாது என்று ஒரு விதி உண்டு. எல்லோரும் மீறுவார்கள். நான் மீறியதில்லை. பச்சை விழுந்தது, லாரி போனது, மறுபடி சிவப்பு விழுந்தது. தம்பி மனைவி வந்து கதவைத் திறந்தபோது அம்மா நாற்காலியிலிருந்து கீழே சரிந்து கிடந்தாள்.

உங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தும் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்று நீங்கள்தான் வெளியே வந்து சொன்னீர்கள். தம்பி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை, நான் அழவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்வதும் ஆட்களுக்குத் தகவல் கொடுப்பதும் நான்தான் செய்தேன். பெரியவன் எவ்வளவு திடமாக இருக்கிறான் பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு நேரே அலுவலகம் போனேன். உட்கார்ந்தேன். வண்டிகள் நிற்கும் இடத்தைக் கிடங்குச் சுவருக்கு மாற்றினேன். சோடாபுட்டி ஆறுதலுக்கு டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். அந்தப் பால்கனியில் யாரும் இல்லை. அங்கே வண்டியை நிறுத்தி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

தம்பி வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள், இப்போதெல்லாம் இங்கே புகையே இல்லையே என்று பேசிக்கொண்டார்களாம். அவன் யோசித்திருக்கிறான். பிறகு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். யோசிக்கமாட்டான் என்று நினைத்தேன், என் தப்புதான்.

கீழே மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சுவலி வந்ததையும், முதல் மாடித் தையல்காரரின் மனைவிக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்ததையும் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மருத்துவமனைக்கு அந்த முனையிலிருந்து மட்டும் இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்று பல நாள் குழம்பினேன் என்றீர்கள். அவர்களைப் பற்றி நான் என்ன சொல்வது? அவர்களோடு எனக்குப் பழக்கம் இல்லை. மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், கடனுக்குக்கூட மாத்திரை கொடுப்பார். குட்டிக்கு இப்போதும் மூச்சிழுக்கும் மருந்துப் புட்டி பையிலேயே இருக்கிறது. பெரியப்பா என்று ஓடி வருவாள், இப்போது நடந்து வருகிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தாள். தம்பிக்குத் தெரியாமல் வந்தாள் என்று நினைக்கிறேன். அம்மாவின் ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"மாமா, உங்களைப் பத்தி என்னென்னவோ பேசறாங்க. நான் நம்பலை. அத்தை உங்க மேல எவ்வளவு பாசமா இருந்தாங்கன்னு எனக்குத்தான் தெரியும். அந்தக் கம்பத்துல இருக்கிற கேமரா வழியா ஆபீஸ்ல இருந்து பார்க்கலாம்னு நீங்க ஒரு தடவை சொன்னீங்களாமே? தினமும் முகம் கழுவி, தலையை வாரிட்டுத்தான் அங்க போய் உக்காருவாங்க. சிகப்பு விழுந்ததும் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவாங்க. வண்டியெல்லாம் நிக்கும்போதுதான் பெரியவனுக்கு வேலை இருக்காது, அப்பத்தான் நம்மைப் பார்ப்பான்னு சொல்லுவாங்க. உங்க வீட்டுக்குப் போங்க அத்தைன்னு நான் அழுதேன். அங்க போனா காலையில கொஞ்சம், ராத்திரி கொஞ்சம்தான் என் மூஞ்சியைப் பார்ப்பான், இங்க இருந்தா நாள் பூரா பார்ப்பான், தனிக்கட்டைடி அவன், அவனுக்கு வேற யாரு இருக்கான்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதா மாமா? ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"இல்லைம்மா. அவ்வளவு தூரத்துல தெரியாது" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எங்கள் கேமராவில் லாரியின் நம்பர் தெரியும், டாக்டர். ஓட்டுநர் காதில் பேனா சொருகியிருந்தால் அது தெரியும்.

வண்டிகளை அங்கே நிறுத்திய முதல் வாரமே பார்த்தேன். சிவப்பு விழும், கை உயரும். பச்சை விழுந்ததும், என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கையை இறக்கிக்கொள்வாள். சிவப்பு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாயசைத்து ஏதாவது சொல்லுவாள். ஒருநாள் அந்தச் சவரம் செய்த லாரிக்காரனை எனக்கு நடித்துக் காட்டினாள். தம்பிக்குக் காட்டுவதற்கு முன்னால், முதலில் எனக்கு. திரும்பி வரட்டும் என்று நேரத்தைக் கூட்டியதாகச் சொன்னேன் அல்லவா, அது முதல் தடவைக்கு மட்டும்தான் உண்மை. அதற்குப் பிறகு கூட்டியதெல்லாம் அவள் கை கீழே இறங்காமல் இருக்கத்தான். உள்ளே போய்விடுவாளோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு போ என்றபோது விரிப்பு வாங்கினேன், திரை மாட்டினேன். அவள் வரமாட்டேன் என்றதும் எனக்கு வந்த நிம்மதியை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாள் போனை ஏன் எடுக்கவில்லை என்றால், சிவப்பு விழுந்தும் கை உயரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் உயர்த்துவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உயர்த்தினாள். பாதி வரைதான் வந்தது.

நான் கொன்றேன் என்று எழுதவேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரிந்தே செய்தேன், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்தே செய்தேன். தம்பிக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் அந்தக் கையைப் பற்றியும் விடாமல் படித்துக் காட்டுங்கள். அவனோடு அவள் சிரித்தாள், பேசினாள், அவன் பிள்ளையைக் கொஞ்சினாள். அதெல்லாம் மூச்சு இருக்கிறவர்கள் யாரும் செய்வதுதான். அந்தப் புகையில் மூச்சு போகிறவரை அவள் உட்கார்ந்திருந்தது எனக்காக, அவனுக்காக அவள் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.